மாகாளி பெயருக்கு வந்த நோய்

செப்டம்பர் 4

என் பெயர் கொம்பையா. நான் சொல்லுகிறேன், பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறவர் ஞானதிரவியம். எனக்கு எழுத்து தெரியாது. அவருக்கு எழுத்தைத் தவிர வேறு தொழில் தெரியாது. வெளியே பத்திரம் எழுதிக்கொண்டிருந்தவர். இல்லாத ஆளுக்கு இருக்கிற நிலத்தை எழுதிக் கொடுத்ததில் உள்ளே வந்துவிட்டார். "கை சும்மா கெடந்தா நடுக்கம் வந்துருது கொம்பையா. நீரு வாய்க்கு வந்ததச் சொல்லும், நான் எழுதுதேன்" என்று கேன்டீனில் நோட்டு வாங்கி வந்தார். நான் எதற்காக உள்ளே இருக்கிறேன் என்பதைக் கோர்ட்டு விலாவாரியாக எழுதி வைத்திருக்கிறது. அதற்கு இந்த நோட்டை வீணாக்க வேண்டாம்.

நாங்கள் இருப்பது வயசாளிகள் பிளாக். அறுபது தாண்டிய கைதிகளை எல்லாம் ஒரே நீளமான கொட்டடியில் படுக்க வைத்திருக்கிறார்கள். வரிசையாகப் பாய். ஒருத்தர் புரண்டால் அடுத்தவருக்குத் தெரியும்.

இன்றைக்கு மூக்காண்டி செத்துப்போன செய்தி வந்தது. கோடை முழுக்க இருமிக்கொண்டிருந்தார். கேட்டால் பீடி இருமல் என்பார். போன வாரம் துண்டில் ரத்தம் விழுந்தது. வார்டர் பார்த்துப் பதறி வெளி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். டி.பி. என்று சொன்னார்களாம். என் பாய்க்கு அடுத்த பாய் அவருடையது. அவர் இருமினால் என் போர்வை அசையும். நான் இங்கே வந்த புதிதில் ஜன்னலுக்கு நேரே இருந்த தன் இடத்தை எனக்கு விட்டுக் கொடுத்துவிட்டு அவர் ஒரு பாய் தள்ளிப் படுத்துக்கொண்டார். இத்தனை வருஷம் அந்தக் காற்றை வாங்கியிருக்கிறேன். ஒரு நாளும் அவரிடம் நல்ல வார்த்தையாக ஒன்று சொன்னதில்லை. இப்போது இந்த நோட்டில் சொல்லிக்கொள்கிறேன்.

செப்டம்பர் 6

டாக்டரம்மா வந்தார். சின்ன வயசு. எல்லோரையும் உட்கார வைத்து, "ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருக்கவங்க கை தூக்குங்க" என்றார். ஒரு கை எழும்பவில்லை. இருமல் வந்த மூன்று பேர் இருமலை அடக்கிக்கொண்டு கண் பிதுங்க உட்கார்ந்திருந்தார்கள்.

மாகாளியால் அடக்க முடியவில்லை. உச்சிமாகாளி எனக்கு இந்தப் பக்கத்துப் பாய். அவர் இருமினால் மரத்தில் காக்கா பறக்கும். "இவரு இருமித்தாம்மா எங்களுக்கெல்லாம் பொழுது விடியுது" என்று யாரோ காட்டிக் கொடுத்தார்கள். இருமுகிறவர்களை எல்லாம் பொறுக்கி, ஆளுக்கொரு மூடி போட்ட டப்பா கொடுத்தார். காலையில் எழுந்ததும் முதல் சளியை அதில் துப்பித் தர வேண்டும்.

என்னைப் பார்த்து, "உங்களுக்கு, தாத்தா?" என்று கேட்டார். இல்லை என்றேன். எனக்கு இருமல் கிடையாது. காலையில் லேசாகச் செருமுவேன். செங்கல் சூளையில் புகை குடித்தே வளர்ந்த தொண்டை. அதைப் போய் இருமல் என்று சொல்லி அந்தப் பிள்ளையின் நேரத்தை ஏன் கெடுக்க வேண்டும்? இடுப்புக் கயிறு நழுவிக்கொண்டே இருக்கிறது. முடிச்சை இறுக்கிப் போட்டுக்கொண்டேன். வயசானால் உடம்பு வற்றத்தானே செய்யும். சாயங்காலமானால் மேல் கதகதவென்று இருப்பது ஆவணி வெயில். சோற்றில் பாதியை மாகாளிக்குத் தள்ளிவிட்டேன்.

செப்டம்பர் 7

நல்லது ஒன்று செய்தேன். எழுதச் சொன்னால் திரவியம் பேனாவை மூடிக்கொண்டு முழிக்கிறார்.

விடிந்ததும் மாகாளி டப்பாவோடு என்னைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கூட்டிப்போனார்.

"கொம்பையா, உம்ம சளியக் குடுமய்யா."

"எதுக்கு வே?"

"எனக்கு நோய் இருக்கு. எனக்கே தெரியுது. மூக்காண்டி இருமினதும் நான் இருமுறதும் ஒண்ணுபோல இருக்கு. காந்தி ஜெயந்தி விடுதலை லிஸ்ட்ல என் பேரு இருக்கு. நோய் இருக்கவன வெளிய விடமாட்டானுவளாம். போன வருஷம் அந்தத் தையக்காரருக்கு அப்பிடித்தான் நின்னு போச்சு. நீரு ஒரு நாளாவது இருமியிருக்கீரா? உம்ம சளி சுத்தமா இருக்கும்."

மாகாளியின் பெண்டாட்டி தங்கபுஷ்பம். அவர் உள்ளே வந்த நாள் முதல் மாதம் தவறாமல் பஸ் ஏறி மனு போட்டுப் பார்க்க வந்தவள். நாலு மாதமாக வரவில்லை. முட்டு இரண்டும் போய்விட்டது, பஸ் படியில் கால் தூக்க முடியவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரன் போனில் சொன்னான். அன்றிலிருந்து மாகாளிக்கு வேறு நினைப்பு இல்லை.

நான் இந்தச் சிறைக்கு வந்தபோது பட்டினி கிடந்து சாகப் பார்த்தேன். சோற்றை உருட்டி உருட்டி முன்னால் வைத்து, கெட்ட வார்த்தையில் திட்டித் தின்ன வைத்தவர் மாகாளி. அந்த மனுஷன் நிலமா கேட்டார், நகையா கேட்டார்? சளிதானே. ஒரே செருமலில் வந்துவிட்டது.

"நல்லாக் கெட்டியா இருக்கு வே" என்று மாகாளி மூடியைத் திருகினார்.

"இத எழுதணுமா?" என்கிறார் திரவியம்.

"போலிப் பத்திரம் எழுதின கை, போலிச் சளிய எழுதக் கூசுதாக்கும்?" என்றேன். எழுதிவிட்டார்.

செப்டம்பர் 9

சாம்பாரில் முருங்கைக்காய். எனக்கு வேண்டியிருக்கவில்லை.

செப்டம்பர் 11

வார்டர் பெயர் படித்தார். நாலு பேர். மூன்றாவது பெயர் உச்சிமாகாளி.

நோய் இருக்கிறவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்பக்கத்துப் பழைய தறிக்கூடத்துக்குப் போக வேண்டும். அதைத்தான் டி.பி. வார்டாக ஆக்கியிருக்கிறார்கள். மாகாளி அப்படியே நின்றார். அவர் முகத்தில் பயம் இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துக்கொண்டிருந்தார். என் தோள்பட்டையை, இடுப்பை, கணுக்காலை. பிறகு பாயைச் சுருட்டினார். லோட்டாவை எடுத்துக்கொண்டார்.

"ரெண்டு வாய் கூடச் சாப்பிடும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இன்றைக்கு இவ்வளவு போதும் என்று திரவியத்திடம் சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 12

திரவியம் நோட்டைத் திறக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டப்பாவுல துப்பினது யாரு கொம்பையா?"

"அதான் சொன்னேனே."

"அப்ப நோய் யாருக்கு?"

மிஷின் தப்பாகச் சொல்லியிருக்கும் என்றேன். மிஷினுக்கும் வயசாகும் என்றேன். நான் பேசப் பேச அவர் துண்டை எடுத்து மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டினார். பாயோடு இரண்டு முழம் பின்னால் நகர்ந்தார். சரி, போகப்போகிறார், இனி யாரும் பக்கத்தில் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். அவர் துண்டுக்குள்ளிருந்து, "அந்தாப்புல ஜன்னலப் பாத்துத் திரும்பி உக்காந்து சொல்லும். நான் போயிட்டா எழுதுறதுக்கு வேற எவன் இருக்கான்?" என்றார்.

போலிப் பத்திரக்காரன் என்று இவரை நான் எத்தனை தடவை கேலி செய்திருக்கிறேன். தெரிந்த பிறகும் பேனாவை மூடிவிட்டு ஓடாத மனுஷன் இவர்தான்.

ஆக, நோய் என்னுடையது. அதற்கான தண்டனையை மாகாளி அனுபவித்துக்கொண்டிருக்கிறார். நானோ இந்தக் கொட்டடியில் எல்லோர் நடுவிலும் செருமிக்கொண்டு கிடக்கிறேன்.

செப்டம்பர் 13

உண்மையைச் சொன்னால் மாகாளி ஏமாற்றினது வெளியே வரும், லிஸ்டில் இன்னும் அடிக்காமல் இருக்கிற பெயரும் போகும். சொல்லாவிட்டால் நான் மூக்காண்டி போன வழியில் போவேன், போகும்போது இங்கே நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போவேன். திரவியம் யோசித்து ஒரு வழி சொன்னார். "இருமல்னு போயி நீரே நில்லும். அதுல பொய் ஒண்ணும் இல்லையே. மாகாளி பேச்சே எடுக்காண்டாம்."

போய் நின்றேன். டாக்டரம்மா, "அன்னைக்கு இல்லன்னீங்க?" என்றார். "இப்பம் இருக்கும்மா" என்றேன். டப்பா கொடுத்தார்.

செப்டம்பர் 16

எனக்கும் நோய் என்று வந்துவிட்டது. பாயைச் சுருட்டிக்கொண்டு தறிக்கூடத்துக்கு வந்தேன். பெரிய பெரிய ஜன்னல். நல்ல காற்று. உள்ளே நுழைந்ததும் மாகாளி குரல்:

"வாரும் வே. உமக்கு முந்தி உம்ம நோய் வந்து எடம் போட்டு வச்சிருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது.

"தெரிஞ்சே ஏன் பேசாம வந்தீரு?"

"சொன்னா எம் பேரு லிஸ்ட்ல இருக்குமா? அதோட, நீரு பயந்து தின்னாமக் கெடப்பீரு. உம்ம சங்கதி எனக்குத் தெரியாதா? சின்னப் பிள்ள கணக்கா. ரெண்டு வாரம் மாத்திரை தின்னா அடுத்தவனுக்குத் தொத்தாதாம், அப்புறம் விட்ருவானுவ. காந்தி ஜெயந்தி வரைக்கும் இந்த மாத்திரையத் தின்னுட்டுப் போயிருதேன். நீரு வாயத் தொறக்காண்டாம்."

திரவியத்தை உள்ளே விடமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜன்னலுக்கு வெளியே மர நிழலில் உட்கார்ந்துகொள்கிறேன் என்றார். வாரம் முழுக்க நடந்ததை நாள்வாரியாக மனசில் அடுக்கி வைத்திருந்து அவர் வந்ததும் கொட்டிவிடுகிறேன். அவர் அந்தந்தத் தேதியில் எழுதிக்கொள்கிறார். எனக்கு எழுத்து இல்லாததால் எதுவும் மறப்பதில்லை.

செப்டம்பர் 20

காலையில் மாத்திரை. அதைத் தின்றால் மூத்திரம் செங்கல் பொடியைக் கரைத்தது மாதிரி சிவப்பாகப் போகிறது. முதல் நாள் பயந்து கத்திவிட்டேன். "சூளைய உள்ளயே கொண்டுட்டு வந்துட்டேரு" என்று மாகாளி சிரித்தார்.

தினமும் ஒரு முட்டை, ஒரு தம்ளர் பால். பிறந்ததிலிருந்து எனக்கு யாரும் தினமும் முட்டை கொடுத்ததில்லை. சாயங்காலச் சூடு குறைந்திருக்கிறது. சோறு சோறாக ருசிக்கிறது. மாகாளி தன் முட்டையையும் எனக்கே தள்ளிவிடுகிறார். வேண்டாமாம், குமட்டுகிறதாம்.

செப்டம்பர் 25

மாகாளி நேற்றும் இன்றும் வாந்தி. "நேத்துப் பருப்பு சரியில்ல" என்கிறார். அதே பருப்பைத்தான் நானும் தின்றேன். பாலைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். மத்தியானம் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தபோது அவர் கண்ணைப் பார்த்தேன். வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள்.

எனக்கு நல்லது செய்கிற மாத்திரை, நோய் உண்டா இல்லையா என்றே பார்க்காத அந்த உடம்பைத் தின்கிறது. வெளியே இருந்த காலத்தில் அவர் குடித்த குடிக்கு ஈரல் ஏற்கனவே பாதிதான் மிச்சம்.

செப்டம்பர் 26

காலையிலேயே சண்டை.

"டாக்டரம்மாகிட்ட சொல்லப்போறேன் வே."

"இன்னும் ஒரு வாரம் கொம்பையா. ஒரே வாரம். வெளிய போனதும் மாத்திரைய ஆத்துல வீசிருதேன்."

"அதுக்குள்ள உம்மத்தான் ஆத்தங்கரைக்குத் தூக்கணும்."

"தூக்கட்டும். பொணமாப் போனாலும் அவ வீட்டு வாசலுக்குத்தானே போவேன்."

"அவளுக்கு எதுக்குவே பொணம்?"

எழுந்து என் சட்டையைப் பிடித்தார். பிடித்த கையில் பிடிப்பே இல்லை. "சொன்னேருன்னா செத்தாலும் உம்ம மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

"முழிக்காண்டாம். கண்ணு வெள்ளையா இருந்தாப் போதும்."

டாக்டரம்மா வந்தார். மாகாளியின் கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார். முகம் மாறிவிட்டது. "பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். ஆனா மருந்த ரொம்ப நாள் நிறுத்தவும் முடியாதே, நோய் ஏறிடுமே" என்று நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் நடுவில் போய் நின்றேன்.

"நிறுத்துங்கம்மா. அது அவரு நோயே இல்ல."

"என்ன தாத்தா?"

"அந்த டப்பாவுல துப்பினது நான். அவரு பேருல இருக்கது என் நோய்."

டாக்டரம்மாவுக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் கையிலிருந்த சீட்டைத் தரையில் எறிந்தார். "உசுரோட வெளையாடுறீங்களா ரெண்டு பேரும்? எதுக்காக?"

"நோய் இருந்தா விடுதலை கெடையாதுன்னாங்க. அந்தத் தையக்காரருக்கு…"

"யாரு சொன்னா? அவரு மேல இன்னொரு கேஸ் பாக்கி இருந்துச்சு, அதனால நின்னாரு. நோய் இருந்தா கையில மாத்திரையக் குடுத்து, உங்க ஊரு ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதி அனுப்புவோம். அவ்வளவுதான்."

மாகாளி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் முதுகு குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. கேட்க எனக்குத் தைரியமும் இல்லை.

"இத நான் சூப்பிரண்டுகிட்ட சொல்லாம இருக்க முடியாது" என்றார் டாக்டரம்மா, போகும்போது.

செப்டம்பர் 27

மாகாளியை வெளி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். என்னைப் பார்க்காமலே போனார்.

செப்டம்பர் 30

டாக்டரம்மா சொன்னது: மாகாளியின் சொந்தச் சளியைப் பார்த்தாயிற்று. நெஞ்சைப் படம் எடுத்தாயிற்று. டி.பி. இல்லை. வெறும் பீடி இருமல். மாத்திரையை நிறுத்தியதும் வாந்தி நின்றுவிட்டது. இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் ஈரல் கையை விட்டுப் போயிருக்கும் என்றார்.

சூப்பிரண்டு சொன்னது: இந்தத் தடவை லிஸ்டில் மாகாளி பெயர் கிடையாது. பொங்கலுக்குப் பார்க்கலாம். எனக்கு மூன்று மாதம் கேன்டீன் கிடையாது, பார்க்க ஆள் வரவும் கூடாது. எனக்குக் கேன்டீனில் வாங்க ஒன்றும் இல்லை, என்னைப் பார்க்க வர ஆளும் இல்லை. என்னிடமிருந்து பிடுங்க அவர்களுக்கு ஒன்றும் அகப்படவில்லை. எல்லாவற்றையும் மாகாளியிடமிருந்தே பிடுங்கிவிட்டார்கள்.

இன்னொன்றும் நடந்தது. இருமாதவனுக்கும் நோய் இருக்கும் என்று தெரிந்துபோனதால் பிளாக்கில் ஒருத்தர் விடாமல் எல்லோரையும் படம் எடுத்தார்களாம். இன்னும் இரண்டு பேர் அகப்பட்டார்கள். இரண்டு பேருமே என் பாய்க்கு ஒன்றிரண்டு பாய் தள்ளிப் படுத்தவர்கள். நானோ மூக்காண்டியோ கொடுத்தது. ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டதால் பிழைத்துக்கொள்வார்கள். திரவியத்துக்கு ஒன்றும் இல்லை. இதை எழுதும்போது, "அடியில ரெண்டு கோடு போட்டு எழுதுதேன்" என்கிறார்.

அக்டோபர் 2

காலையில் வாசல் பக்கம் சத்தம் கேட்டது. போகிறவர்களை மற்றவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம். ஒவ்வொரு பெயராகக் காது கொடுத்துக் கேட்டேன். இல்லாத பெயரையும் சேர்த்துத்தான் கேட்டேன்.

மாகாளி பயந்தார். பயந்து என்னிடம் வந்தார். என்னிடம் வராமல் வேறு யாரிடமாவது போயிருந்தால் இன்றைக்கு அவர் வீட்டில் இருப்பார், நான் மண்ணில் இருப்பேன். இருமாத ஆளை யார் தேடிப் பிடித்திருப்பார்கள்? அவர் செய்த தப்பில்தான் என் உயிர் அகப்பட்டது. இதற்கு எப்படி நன்றி சொல்வது என்று திரவியத்திடம் கேட்டேன். இப்படிப்பட்ட பத்திரம் எதையும் தான் எழுதியதில்லை என்றார்.

அக்டோபர் 9

எடை பார்த்தார்கள். இரண்டு கிலோ கூடியிருக்கிறேன். சந்தோஷப்படக் கூச்சமாக இருக்கிறது. மாகாளி பிளாக்குக்குத் திரும்பிவிட்டாராம். என் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறாராம்.

அக்டோபர் 18

இன்று காலை மாத்திரை நேரம். வழக்கமாக வருகிற கம்பவுண்டரைக் காணோம். ஜன்னலுக்கு வெளியே வேறு ஆள். முகத்தில் மாஸ்க், கையில் மாத்திரைப் பெட்டி. மாஸ்க்குக்கு மேலே இரண்டு கண். நல்ல வெள்ளை.

"மாகாளி!"

"கூப்பாடு போடாதேயும். கம்பவுண்டர் லீவு. மாத்திரைய முழுங்குறானுவளான்னு நின்னு பாக்க ஒரு ஆள் வேணும்னாங்க. எவனும் வரமாட்டேன்னான். நான் வந்தேன்."

"பேச மாட்டேன்னு சொன்னீரே?"

"பேசல. வேல பாக்கேன்."

கம்பிக்குள் கையை நீட்டி மாத்திரையைக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

"பொங்கல் வரைக்கும் என் நாளத் தின்னுட்டேரு."

"ஆமா."

"பொங்கலுக்காவது விடுவானுவளான்னு எவனுக்குத் தெரியும்."

"ஆமா."

"என்னவே ஆமா, ஆமா? முழுங்கும் மொதல்ல."

தண்ணீர் ஊற்றி முழுங்கினேன். அவர் போகவில்லை. பெட்டியின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"ஆஸ்பத்திரிக்கு அவ வந்தா. பக்கத்து வீட்டுப் பய ஆட்டோவுல தூக்கி வச்சுக் கூட்டிட்டு வந்தான். ஆஸ்பத்திரில கெடக்கேன்னதும் முட்டாவது ஒண்ணாவதுன்னு வந்துட்டா. கட்டிலுக்குப் பக்கத்துல உக்காந்து, என் கண்ண இப்பிடி விரிச்சு விரிச்சுப் பாத்தா. கம்பி இல்லாம அவளப் பாத்து எத்தன வருசம் ஆச்சு." பெட்டியை மூடினார். "எல்லாத்தையும் சொல்லிட்டேன். சளி, மாத்திரை, நீரு போய்ச் சொன்னது, எல்லாம். உமக்கு ஒரு வார்த்த சொல்லிவிட்டா."

"என்ன சொன்னா?"

"சொல்ல மாட்டேன். நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன்."

"சரி."

"சரின்னா? நாளைக்கும் நான்தான் வருவேன். நாளான்னைக்கும் நான்தான். நாக்குக்கு அடியில ஒளிச்சு வச்சீரோ, பல்லத் தட்டிருவேன். வாயத் தொறந்து காட்டும்."

திறந்தேன்.

"நாக்கத் தூக்கும்."

தூக்கினேன். கம்பியில் நெற்றியை வைத்துக் குனிந்து பார்த்தார். மாத்திரை எப்போதோ இறங்கிவிட்டது. அவர் பார்த்துக்கொண்டே நின்றார். நானும் வாயை மூடவில்லை.